போட்டோவே எடுத்துக்கொள்ளாத அம்மாள்

போர்டு

என் பெயரில் போர்டு மாட்டிய அன்று முதலில் வந்தவர், கடையில் ஆண்பிள்ளை யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் வருகிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை.

இப்போது போட்டோ கலராகவே வந்துவிடுகிறது. அப்போது கறுப்பு வெள்ளையில்தான் வரும், கலரை நாங்கள் போட வேண்டும். நெகட்டிவில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பை மறைப்பது ரீடச்சிங். என்லார்ஜ் செய்த பிரிண்டின் மேல் பஞ்சாலும் பிரஷ்ஷாலும் கலர் ஏற்றுவது ஃபினிஷிங். தெப்பக்குளம் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் இரண்டையும் பல வருடம் செய்தேன். படத்தின் மூலையில் கையெழுத்து மட்டும் முதலாளியுடையது.

தனியாகக் கடை போடப்போகிறேன் என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "போயிட்டு வாங்கம்மா. பொம்பளை பேர் போட்ட கடைக்கு எவன் வருவான்? உங்க ஸ்டூலை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த ஸ்டூல் கண்ணிலேயே நின்றது.

என் கணவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். நல்ல மனிதர். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கலாம், வேலை வராவிட்டால் போர்டைக் கழற்றிவிடலாம் என்றார். பாலக்கரையில் தெருவைப் பார்த்த அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம்.

திருமண்

முதல் பெரிய ஆர்டர் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. ஒரு ஐயங்கார் தம் தகப்பனாரின் பழைய படத்தைக் கொண்டுவந்தார். நெற்றி முழுக்க வெளுத்துப்போயிருந்தது. திருமண்ணை நன்றாகத் தெரியும்படி போடச் சொன்னார். போட்டேன். எங்கள் சர்ச்சில் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். அதில் வகை கிடையாது.

வந்தவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது வடகலைத் திருமண் அம்மா. எங்க தகப்பனார் தென்கலை. இருந்திருந்தா கோர்ட்டுக்கே போயிருப்பார்."

கேட்காமல் போட்டது தப்புதான். தென்கலைக்கு உரிய பாதத்தை மூக்கின் மேல் வைத்து, பக்கத்துக் கோடுகளையும் மாற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் விஷயம் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி எல்லாம் சுற்றிவிட்டது. அங்கிருந்து அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. ஐப்பசி முழுக்க நான் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பிரஷ்கள்.

மண்ணச்சநல்லூர்

ஐப்பசிக் கடைசியில் மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சொந்தமாக ரைஸ் மில் வைத்திருப்பவர்கள். இரண்டு மகன்கள், ஒரு மகள், அவர்களுடைய அப்பா. அம்மா இறந்து வருடம் ஆகப்போகிறது. கார்த்திகையில் முதல் திதி. ஹாலில் மாட்ட அவருடைய படம் பெரிதாக வேண்டும் என்றார்கள்.

போட்டோவைக் கொடுங்கள் என்றேன். போட்டோ இல்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்த அம்மாள் கடைசி வரை எடுத்துக்கொள்ளவே இல்லையாம். ஐம்பது வயதில் போய்விட்டார்.

வேறு ஸ்டூடியோக்களில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் முடியும் என்றேன். தைரியத்தில் சொன்னதல்ல. கிறிஸ்துமஸ் வந்துகொண்டிருந்தது.

மகளுக்கு அம்மா ஜாடை என்று மகன்கள் இருவரும் சொன்னார்கள். ஒரு போட்டோகிராபரை அழைத்து, அந்தப் பெண்ணுக்கு அவள் அம்மாவின் புடவையைக் கட்டி, நேராக உட்காரவைத்து எடுத்தோம். பிரிண்டில் முடியை நரைக்கவைத்து, கண்ணுக்குக் கீழே சுருக்கம் போட்டேன். பார்க்க வந்தார்கள். அம்மா இன்னும் சிவப்பு என்றார் பெரிய மகன். இல்லை, மாநிறம் என்றார் சின்னவர். மூக்குத்தி ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. மகள் படத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான்தாங்க. எனக்கு வயசாயிருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் திருத்தத் திருத்த அந்த முகம் யாருடைய முகமாகவும் இல்லாமல் போனது. மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பிள்ளைகள் மூவரும் வெளியே டீ குடிக்கப் போனார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. நாளைக்கே அந்த ஸ்டூலில் போய் உட்கார வேண்டியதுதான் என்று தோன்றியது.

அப்பா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்று தடவையும் கூடவே வந்தவர், அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஐயா, நீங்களாவது சொல்லுங்கள், அம்மா எப்படி இருப்பார்கள் என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். "நேருக்கு நேரா நின்னு பாத்ததே இல்லை. எங்க காலத்துல வழக்கமில்லை. காலைல மில்லுக்குக் கெளம்பறப்ப வாசல் வரைக்கும் வருவா. நான் திரும்பறதுக்குள்ள உள்ள போயிட்டிருப்பா. எதையாவது மறந்துட்டு 'இந்தா'ன்னு கூப்பிட்டா, பாதி திரும்புவா. அதான் எனக்குத் தெரியும்."

அவ்வளவு வருடக் குடும்பத்தில் அவருக்கு மிஞ்சியது பாதி முகம். என் வேலைக்கு அதிலேயே வழி கிடைத்துவிட்டது.

மறுநாள் போட்டோகிராபரைத் திரும்ப அழைத்தேன். மகளை அதே புடவையில் என் கடை வாசலில் நிறுத்தி, உள்ளே நடக்கச் சொன்னேன். அப்பாவைத் தெருவில் நிறுத்தி, கூப்பிடச் சொன்னேன். அவர் கூச்சப்பட்டார். பாலக்கரையில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மெதுவாக, "இந்தா" என்றார்.

அந்தப் பெண் அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தவள். எப்படித் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லித்தரவில்லை. திரும்பினாள். போட்டோகிராபர் தட்டிவிட்டார்.

பிரிண்டில் கொண்டையும், காதும், கம்மலும், கன்னத்தில் கொஞ்சமும்தான் விழுந்திருந்தன. மூக்குத்திப் பிரச்சனையே இல்லை. முடியை நரைக்கவைத்து, புடவைக்கு அரக்கும் மஞ்சளும் ஏற்றினேன். மகன்கள் பார்த்துவிட்டு, முகம் எங்கே என்று கேட்க வாயெடுத்தார்கள். அதற்குள் அவர்களுடைய அப்பா எழுந்து படத்தின் பக்கத்தில் வந்துவிட்டார்.

"இவதான்" என்றார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். மகள்தான் அப்பாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

திதிக்கு வந்தவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள், போட்டோ இல்லாமல் இறந்துபோனவர்களின் குடும்பங்கள் லால்குடியிலிருந்தும் முசிறியிலிருந்தும்கூட வர ஆரம்பித்தன. தை மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்தும் ஒருவர் வந்தார். உட்காருவதற்கு முன்பே, தாம் தென்கலை என்று சொல்லிவிட்டார். படத்தின் மூலையில் என் கையெழுத்தைப் போட்டேன். பழைய முதலாளி என் ஸ்டூலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆர்டர் எடுக்கும்போது பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்த என் கணவரைக் கண்ணை மூடச் சொன்னேன். என் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் நேர்மையாக யோசித்தார்.

"உனக்கு மச்சம் இருக்கா?" என்றார்.

அந்த வாரமே போட்டோ எடுத்துக்கொண்டேன். நேருக்கு நேராக. கலர் நானே போட்டேன். மச்சத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்து, அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டினேன்.