அம்பகரத்தூர் கோதுமையும் ஒரு வாடகைக் காரும்

கிராமப்புற ஆய்வுக்காகக் காரைக்கால் பக்கம் போகவிருக்கும் மாணவிகள் சிலர், உங்கள் பழைய அனுபவத்தை எழுதுங்களேன் என்று கேட்டிருந்தார்கள். பயணக் குறிப்பு என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

எழுபதுகளின் கடைசி. பொருளாதாரம் படித்து முடித்த கையோடு ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்திருந்தேன். வாய்க்கால் தூர்வாரும் வேலைக்குக் கூலியில் ஒரு பகுதியைக் கோதுமையாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அரிசிச் சோறு தின்று வளர்ந்த மக்கள் அந்தக் கோதுமையை என்ன செய்கிறார்கள், தின்கிறார்களா, விற்கிறார்களா, வீட்டில் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. சமைப்பதற்கு முன் தானியத்தை நிறுத்துப் பார்க்க ஒரு சின்னத் தராசு கொடுத்திருந்தார்கள்.

சித்திரை வெயில். ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாளிருந்தது, வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. காரைக்காலில் தங்கிக்கொண்டு, காலை ஏழு மணி பஸ்ஸில் திருநள்ளாறு வழியாக அம்பகரத்தூர் போவேன். பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் முக்கால் மணி நேரம் ஆகும். சனிக்கிழமைகளில் திருநள்ளாறு வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். அன்றைக்கும் சனிக்கிழமை.

நாங்கள் ஆய்வுக்கு எடுத்திருந்த வீடுகளில் அஞ்சலை வீடும் ஒன்று. நான் போனபோது அவள் அடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கணவர் கலியபெருமாளும் வாய்க்கால் வேலைக்குப் போகிறவர்கள். அன்று அவர் மட்டும் போயிருந்தார். மகள் தனத்துக்கு ஆறு வயது. கோதுமையை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்திருந்தாள் அஞ்சலை.

“மூட்டையோட அடியில கெடந்ததும்மா. ஈரமா மண்ணெண்ண வாடை அடிச்சிச்சு. நாலு தண்ணி அலசிட்டேன்” என்றாள்.

தனம் இரண்டு அடை தின்றாள். அஞ்சலை எனக்கும் ஒரு விள்ளல் கொடுத்தாள். வேண்டாம் என்றால் மனம் கோணுவார்களே என்று வாயில் போட்டுக்கொண்டேன். லேசாகக் கசந்தது. அஞ்சலை எதுவும் சாப்பிடவில்லை. கணவர் வந்த பிறகுதான் சாப்பிடுவாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பேசிக்கொண்டே இருந்தபோது தனம் தலை வலிக்கிறது என்று தாய் மடியில் சாய்ந்தாள். வாந்தி எடுத்தாள். அஞ்சலை வாயைத் துடைப்பதற்குள் பிள்ளைக்குக் கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. கண் மேலே சொருகியது. வாந்தியில் அதே மண்ணெண்ணெய் வாடை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் தின்றிருக்கிறேன்.

மிச்ச அடையை அடுப்பில் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். அடுத்த பஸ்ஸுக்கு வெகு நேரம் இருந்தது. காளி கோயில் பக்கம் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. யாத்ரீகர்கள் சாமி கும்பிட உள்ளே போயிருந்தார்கள். டிரைவர் யூசுப், காரைக்கால்காரர், நடுத்தர வயது. பிள்ளையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“சவாரி உள்ள இருக்காங்க...” என்று கோயிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். “ஏறுங்கம்மா. நான் வந்து அவங்கள்ட்ட பேசிக்கிறேன்.”

திருநள்ளாற்றில் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. ஹாரனில் வைத்த கையை யூசுப் எடுக்கவில்லை. பின் சீட்டில் தனம் மறுபடி வெட்டினாள். அஞ்சலை அழவில்லை, பிள்ளையின் காதில் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கின. பயமா, விஷமா என்று தெரியவில்லை.

காரைக்கால் பெரியாஸ்பத்திரியில் தனத்துக்கு ஊசி போட்டு, வலிப்பு நின்றதும் வயிற்றைக் கழுவினார்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தாக இருக்கும், லாரியில் மூட்டைக்குப் பக்கத்தில் டின் கசிந்திருக்கலாம் என்றார் டாக்டர். “வேற யாரு சாப்பிட்டது?” என்றார். கையைத் தூக்கினேன். எனக்கும் கழுவினார்கள். மாலை வரை இங்கேயே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கட்டிலிலிருந்து அஞ்சலை திடீரென்று என் கையைப் பிடித்தாள். “பாதிக் கோதுமய இவ அப்பா விடியக்கால பஸ்ஸுல தங்கச்சி வீட்டுல குடுத்துட்டுத்தாம்மா வேலைக்குப் போனாரு. திருவேட்டக்குடி. பேரு பட்டம்மா. அஞ்சு உருப்படி அந்த வூட்ல.”

அவளால் பிள்ளையை விட்டு நகர முடியாது. கலியபெருமாள் எந்த வாய்க்காலில் இருக்கிறாரோ. போலீசுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம் என்றார் நர்ஸ், எப்போது போவார்களோ. மணி பன்னிரண்டாகப் போகிறது, சமையல் நேரம். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து வெளியே வந்தேன். யூசுப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார்.

“புள்ள எப்படிம்மா?”

“தெரியலீங்க. திருவேட்டக்குடி போகணும். இன்னும் ஒரு வீட்ல அந்தக் கோதும இருக்கு.”

கோட்டுச்சேரி வழியாக வடக்கே பத்துக் கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணலியே? தல சுத்துதா? பேசிக்கிட்டே வாங்கம்மா” என்று கேட்டபடி இருந்தார். ஐந்து பேர், ஐந்து பேர் என்றே என் மனசு ஓடியது.

பட்டம்மா வீட்டில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அரிசிச் சோறு. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோதுமை எங்கே என்று கேட்டால் அவர் சாதாரணமாகச் சொன்னார்: “எங்க வூட்ல யாருங்க அதத் திங்கிறா? கடலோரத்துல கருவாட்டுக்கு மாத்திட்டேன்.”

அவரையும் ஏற்றிக்கொண்டு மீனவர் தெருவுக்கு விரைந்தோம். கடைசி வீட்டில் ஒரு பெண் கோதுமைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். நான்கு தட்டுகள் போட்டாகிவிட்டது. கடலிலிருந்து வந்த ஆண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தியது யாருக்கும் புரியவில்லை. யூசுப் தோள் துண்டால் பானையைப் பிடித்துத் தூக்கி வெளியே மணலில் கவிழ்த்தார்.

“யாருய்யா நீ? எம் புள்ளைவோ சாப்பாட்ட...” என்று அந்தப் பெண் அவர் சட்டையைப் பிடித்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்களை அடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். பட்டம்மாதான் நடுவில் விழுந்து தடுத்தார். இந்தக் கோதுமையைத் தின்றுதான் தன் அண்ணன் மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று, நான் காரில் சொல்லியிருந்ததை அழுதுகொண்டே சொன்னார். பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

“உப்பு பாக்க ஒரு வாய் குடிச்சேனே” என்றார் அந்தப் பெண், மிகச் சின்னக் குரலில்.

கஞ்சியைக் கோழி கொத்தாமல் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு, மிச்சக் கோதுமையோடு அவரையும் காரில் ஏற்றினோம். திரும்பும் வழியில் நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. தனம் மறுநாள் மதியம் கண் திறந்து சோறு கேட்டாள்.

அப்போதும் அஞ்சலையின் முகம் தெளியவில்லை. வராந்தாவுக்கு என்னைக் கூட்டிப் போனாள். “இத எழுதுவீங்களாம்மா? எழுதுனா கோதுமய நிப்பாட்டிடுவாங்க. அறுப்பு வரைக்கும் எங்களுக்கு வேற என்ன இருக்கு?” பிள்ளைக்கு இழுத்தபோதுகூட அவள் குரல் இப்படி நடுங்கவில்லை.

எழுதினேன். எழுதாமல் இருந்தால் அடுத்த மூட்டையை யார் பார்ப்பது? அவள் பயந்தபடியே கோதுமை நின்றது. வேலையும் நின்றது. அந்த நாட்களில் தெருவில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பசியைப் பற்றிக் கேள்வி கேட்க வந்தவள் அதைக் கூட்டிவிட்டுப் போகிறாள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். இரண்டு வாரம் போல ஆகிப் புது லாரி வந்தது. அஞ்சலை முந்தானையை விரித்து, வாங்கிய கோதுமையைக் கைப்பிடி கைப்பிடியாக முகர்ந்து பார்த்தாள். பின்னால் நின்ற பெண்களும் அப்படியே செய்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

போகிறவர்களுக்கு: காரைக்காலிலேயே தங்குங்கள், அம்பகரத்தூர், திருநள்ளாறு, திருவேட்டக்குடி மூன்றுக்கும் அதுதான் வசதி. சனிக்கிழமை திருநள்ளாறு வழியைத் தவிர்த்துவிடுங்கள். வாடகைக் கார் நிற்கும் இடத்தை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் சாப்பிடக் கொடுத்தால் மறுக்காதீர்கள். ஆனால் இந்தத் தானியம் எந்த வழியாக வந்தது என்று வாயில் வைக்கும் முன் கேளுங்கள். கேட்பதற்கு அதைவிட நல்ல கேள்வி எனக்கு இன்றுவரை தெரியவில்லை.