பயணத்தில் இருப்பவர்களின் பக்கம்

கதவு தட்டுகிற சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கிற கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு வாசலில் அழைப்புமணி இருக்கிறது, யாரும் தட்டுவதில்லை. ஆனாலும் பொழுதுபடும் நேரம் அந்தச் சத்தம் கேட்கும். எழும்பிப் போய்த் திறப்பேன். பஸ் போகிற தெருதான் தெரியும்.

"ஒருத்தரும் இல்லையப்பா. வந்து இரும்," என்பார் என் கணவர்.

சண்டை நடந்த காலத்தில் மன்னாரில் என் தம்பி யூட்டை, ஆயுதத்தோடு வந்தவர்கள் அப்படித் தட்டித்தான் கூப்பிட்டார்கள். "விசாரிச்சிட்டு விடுறம்," என்றார்கள். கட்டியிருந்த சாரத்தோடு போனான். சண்டையும் முடிந்து இத்தனை காலமாகிவிட்டது. ஒரு தகவலும் இல்லை.

கார்த்திகை வந்தால் எங்கள் பங்குக் கோயிலில் மரித்தவர்களின் பெயர்களை எழுதிப் பீடத்தின் முன்னால் உள்ள பெட்டியில் போடுவார்கள். என் மச்சாள் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "அவன்ரை பேரையும் போடுங்கோவன். ஆத்துமா அலையுதோ தெரியாது."

அந்தச் சொல் என்னை உலுப்பிவிட்டது. பெயரைப் போட்டால் நானே அவனைப் புதைத்ததாகிவிடும். போடாவிட்டால், பாவி, செபம் கிடைக்காமல் அலைகிறானோ? 'இருக்கிறானா இல்லையா, இரண்டில் ஒன்றைச் சொல்லும் ஆண்டவரே' என்று அழுது மன்றாடினேன். சாப்பாடு இறங்கவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தாலும் வாய் திறக்காது.

ஒரு வேலையை மட்டும் விடவில்லை. ஊரில் நான் ஆங்கில ஆசிரியை. இங்கே பங்கு மண்டபத்தில், ஆபிரிக்காவிலிருந்து மேற்படிப்புக்கு வருகிற குருமாருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மறையறிவில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பூசை வைக்க நாக்கு வளையாது. சுவாமிமார் என்றும் பார்க்க மாட்டேன். வீட்டில் வாசித்துப் பழகாமல் வந்தால் ஏச்சுத்தான்.

போன கார்த்திகையில் ஒரு காலை, கொங்கோவிலிருந்து வந்த ஃபாதர் பொனிபாஸ் மட்டும் வகுப்புக்கு வந்திருந்தார். அடக்கச் சடங்குச் செபத்தை வாசிக்கப் பழகினோம். புத்தகத்தில் இறந்தவரின் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். பழகும்போது நான் எப்போதும் 'ஜோன்' என்று ஒரு பெயரைக் கொடுப்பேன்.

"யாருடைய பெயர், ரீச்சர்?" என்று கேட்டார்.

என் வாயில் 'யூட்' என்று வந்துவிட்டது.

அவர் வாசிக்கத் தொடங்கினார். உமது அடியான் யூட்டின் ஆத்துமாவை ஏற்றுக்கொள்ளும், என்று ஒரு பிழையில்லாமல் வாசித்தார். பட்டப்பகலில் கதவு தட்டுவது கேட்டது. வாசல் பக்கம் திரும்பினேன். அவர் என் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டார்.

"யூட் யார்?"

சொன்னேன். கணவரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன்.

அவர் புத்தகத்தை மடியில் வைத்தார். "என் அப்பாவையும் சந்தையில் வைத்து ஆயுதக்காரர் கொண்டுபோனார்கள். நான் குருவானவன். அவருக்கு எந்தச் செபம் சொல்வதென்று எனக்கே தெரியாமல் இருந்தது," என்றார்.

பிறகு புத்தகத்தைப் புரட்டி, பயணத்தில் இருப்பவர்களுக்கான செபத்தில் விரலை வைத்தார். "உயிரோடு இருந்தாலும் போயிருந்தாலும், இது அவர்களுக்குப் பொருந்தும். இதைத்தான் இப்போது அப்பாவுக்குச் சொல்கிறேன். இங்கே வாசிப்போம், ரீச்சர்."

யூட்டின் பெயரையும் தன் தகப்பனின் பெயரையும் சேர்த்து வாசித்தார். பாதியில் தடுமாறினார், உச்சரிப்பில் நிறையப் பிழை. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

நான் கேட்ட கேள்விக்கு ஆண்டவர் பதில் சொல்லவில்லை. தம்பி இருக்கிறானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் அலையவில்லை என்பதை அன்று விசுவசித்தேன். எங்கே நடந்தாலும் வழித்துணைக்கு ஆண்டவர் இருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். ஆண்டவருக்கு நன்றி.

பெட்டியிலும் போட ஏலாத, நெஞ்சிலும் வைத்திருக்க ஏலாத ஒரு பெயர் இதை வாசிக்கிற உங்களில் யாரிடமாவது இருந்தால், வகுப்பு முடிகிற நேரம் மண்டபத்துக்கு வாருங்கள். அந்தப் பக்கத்தை ஒன்றாக வாசிப்போம்.

இப்போதும் பொழுதுபட்டால் கதவு தட்டுவது கேட்கும். நான் ஓடுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே சிலுவை அடையாளம் போட்டு, "கவனமாப் போயிட்டு வா, தம்பி," என்கிறேன்.