நர்சம்மா முடித்த பந்தயம்

எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில் ஒரு கிணற்றுமேட்டு மோட்டார் கொட்டகைக்குள், சுவிட்ச் பெட்டியின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் தொப்பியை இழுத்து மாட்டியிருக்கிறார்கள். நீச்சல் பந்தயத்துக்குப் போகிறவர்கள் தலையை இறுக்கிப் போட்டுக்கொள்ளும் தொப்பி. கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க இப்போது அது காவல். போன வாரம் மிளகு வாங்கப் போனபோது அதைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் நின்றுவிட்டேன். மிளகு வாங்க வந்தவன் சுவிட்ச் பெட்டியை ஏன் முறைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. கிணற்றுக்காரர் வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரியும்.

நான் மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவன். ஊர்க்காரர்களுக்குக் கம்பவுண்டர். நான் இங்கே வருவதற்கு முன்பே நர்சம்மா இங்கே இருந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் பிறந்து, வேலை கிடைத்த இடத்துக்கு மலையேறி வந்தவர். பிரசவ அறையும் மருந்தறையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவை. அதனால் அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். வலியில் ஓய்ந்துபோகிற பெண்ணிடம் அவர் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சந்தான் சாமி, விட்றாத.” மனிதர்களைச் சாமி என்று அழைப்பது கடற்கரையில் வழக்கமில்லையாம்; இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. எத்தனை குழந்தைகள் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே பிறந்தன என்று எனக்குத் தெரியாது, ஆனால் மாத்திரை பிரிக்கும்போது எனக்கும் அது கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. நீந்தி, உடனே சைக்கிள் மிதித்து, இறங்கியதும் ஓடி முடிக்கிற பந்தயம் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் அதில் ஒன்றையாவது முடித்தே தீருவேன் என்றார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். மேற்படிப்பைப் பாதியில் விட்டதையும், இந்திப் பரீட்சையைக் கடைசிக்கு முன்னால் விட்டதையும், வாங்கிய தையல் மெஷினில் ஒரு ஜாக்கெட்கூட முழுதாகத் தைக்காததையும் வரிசையாகச் சொன்னார். “எல்லாரையும் விட்றாத விட்றாதன்னு சொல்றேன். நான் விடாத ஒண்ணக் காட்டுங்க பாப்போம்” என்றார். அடுத்த இடமாறுதலில் தன் பெயரும் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஓட ஆரம்பித்ததும் தொல்லை எனக்குத்தான் வந்தது. இந்த மலையில் ஒரு ஆள் நடந்து போக, பின்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். நடக்கிறவருக்கே அப்படி என்றால் ஓடுகிறவருக்கு? அதிலும் ஓடுவது நர்சம்மா. வண்டிகள் வரிசையாக நின்றன. “ஏனுங்க நர்சம்மா, யாருக்கு என்னாச்சுங்க? ஏறுங்க” என்று ஒவ்வொருவரும் கேட்க, அவர் மூச்சிரைக்கச் “சும்மாதான்” என்பார். சும்மா எவளாவது ஓடுவாளா என்று அவர்களுக்குச் சந்தேகம். உடனே எனக்குப் போன் வரும். எந்த ஊட்டில் யாருக்கு முடியவில்லை, மறைக்காமல் சொல்லுங்கள் என்பார்கள். ஒருநாள் பஸ்ஸே நின்றுவிட்டது. அவர் ஏறினால்தான் எடுப்பேன் என்று டிரைவர் பிடிவாதம் பிடித்தார்.

நீந்துவதற்குக் கிடைத்ததுதான் அந்தக் கிணறு. கிணற்றுக்காரரின் மனைவிக்கு நர்சம்மா என்றால் உயிர். மூத்த பையன் பிறக்கும்போது ஒரு முழு இரவும் போராடியவள் அவள். விடிய விடிய நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். நர்சம்மா குளிர்ந்த தண்ணீரில் சுற்றிச் சுற்றி நீந்த, அவள் கையில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. நர்சம்மா முழுகினால் கயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, கை சும்மா இருந்தால் பயமாக இருக்கிறது என்றாள்.

முதல் பந்தயம் சமவெளியில் ஓர் ஏரியில் நடந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். விசில் ஊதியதும் மஞ்சள் தலைகள் நேராகப் போக, ஒரு தலை மட்டும் இடது பக்கமாக விலகிப் போய்க்கொண்டே இருந்தது. கிணற்றில் இடப்பக்கமே சுற்றிப் பழகிய கை ஏரியிலும் அதைத்தான் செய்தது. படகுக்காரர் ஊதிய விசிலைக்கூட அவர் உற்சாகம் என்று நினைத்துக்கொண்டாராம். திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது நேரம் முடிந்திருந்தது. அன்று திரும்பும் வழியெல்லாம் சிரித்தோம். அடுத்த வாரத்திலிருந்து அவர் கிணற்றில் பாதி நேரம் வலப்பக்கமாகச் சுற்றினார்.

இரண்டாவதில் நீச்சல் நேராகப் போனது, சைக்கிளும் போனது. ஓடும்போதுதான் வெயில் ஆளை அடித்தது. மலைக்குளிரில் பழகிய உடம்பு தாங்கவில்லை. ஒரு இளநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று பஸ்ஸில் சிரிப்பு இல்லை. இந்த வயதுக்கு இவ்வளவு போதாதா என்று ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மருந்துச் சீட்டின் வழியாக மட்டும்தான் பேசினார், அதுவும் ஒரு வாரத்துக்கு.

மூன்றாவது நம் மலையிலேயே. அடிவாரத்து ஏரியில் நீந்தி, காரவள்ளியிலிருந்து எழுபது வளைவும் சைக்கிளில் ஏறி, மேலே செம்மேட்டுப் பக்கம் ஓடி முடிக்க வேண்டும். நர்சம்மாவுக்கு அந்த வருடத்தில் மீதமிருந்தது அது ஒன்றுதான். என்னை முதலுதவிப் பெட்டியோடு அறுபதுக்கு மேல் ஒரு வளைவில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். பலரும் தாண்டிப் போனபின், கீழே அவர் வருவது தெரிந்தது. சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. இதோ நிற்கப் போகிறார், காலைத் தரையில் ஊன்றப் போகிறார் என்று பெட்டியைத் திறந்து வைத்தேன்.

அப்போதுதான் பின்னால் கிணற்றுக்காரரின் பைக் வந்தது. பின்சீட்டில் அவர் மனைவி. பந்தயம் பார்க்க மேலே போகிறவர்கள். பைக் சைக்கிளை ஒட்டி வந்து வேகம் குறைந்தது. அவள் கையை நீட்டி நர்சம்மாவின் முதுகில் வைத்து அழுத்தித் தள்ளினாள். “இன்னும் கொஞ்சந்தானுங்க சாமி, விட்றாதீங்க” என்று அவள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. வேண்டாம் என்று நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஒரு வளைவு முழுக்க அந்தக் கை விலகவில்லை. நர்சம்மாவும் எடுக்கச் சொல்லவில்லை.

அவர் குறித்த நேரத்துக்குள் முடித்தார். கழுத்தில் மெடலைப் போட்டார்கள். மூச்சு அடங்கியதும் பந்தயம் நடத்துகிறவர்களின் மேசைக்கு நேராகப் போனார். வெளியாள் தொட்டுத் தள்ளினால் ஆட்டத்திலிருந்து நீக்கம் என்பது விதி. அதை அவரே எடுத்துச் சொன்னார். மேசையில் இருந்த இளைஞனுக்குச் சங்கடம். யாரும் பார்க்கவில்லையே மேடம், விடுங்கள் என்றான்.

“என் முதுகுக்குத் தெரியுமே தம்பி” என்றார். மெடலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அன்று கொடுத்த மஞ்சள் தொப்பியை மட்டும் அவர்கள் திரும்பக் கேட்கவில்லை.

வெளியே கிணற்றுக்காரரும் மனைவியும் அன்னாசிப் பழத்தோடு நின்றார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நர்சம்மா மறைக்கவில்லை, நடந்ததை அப்படியே சொன்னார். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“தள்ளுனது தப்புங்களா? நீங்க தள்ளாமயா எம் பையன் பொறந்தான்?”

“நான் எங்க தள்ளுனேன் சாமி? தள்ளுனது நீ. நான் பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டுதான இருந்தேன்.”

அவள் ஏதோ கணக்குப் போடுகிறவள்போல நர்சம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அன்னாசியை அறுத்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

இடமாறுதல் உத்தரவு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல், நர்சம்மா கிணற்றில் இறங்கினார். ஏறி வந்து சைக்கிளை எடுத்தார். காரவள்ளி வரை இறங்கித் திரும்பி ஏற வேண்டும், மேலே வந்ததும் இறங்கி நம் நிலையம் வரை ஓட வேண்டும். பந்தயம் இல்லை, மேசை இல்லை, மெடல் இல்லை. மலையில் ரகசியம் தங்குமா? அன்றைக்கு அவருக்காக ஒரு வண்டியும் நிற்கவில்லை. மேலேறிய பஸ் வளைவில் ஹாரன் அடிக்காமல் அவர் போகும்வரை காத்திருந்ததாம்.

கடைசி வளைவுகளில் நான் ஸ்கூட்டரில் எதிரே போய்ப் பார்த்தேன். அதே நெளிவு, அதே வெளுத்த முகம். பின்னால் சற்றுத் தள்ளிக் கிணற்றுக்காரரின் பைக். பின்சீட்டில் அவர் மனைவி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விட்டால் தானாக நீண்டுவிடும் என்கிற மாதிரி அவ்வளவு இறுக்கம். வாய் மட்டும் ஓயவில்லை. “இன்னும் கொஞ்சந்தானுங்க சாமி. இன்னும் கொஞ்சந்தான்.” அழுதுகொண்டே சொன்னாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

நான் விரைந்து வந்து நிலையத்து வாசலுக்குக் குறுக்கே பேண்டேஜ் துணியைக் கட்டினேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி லீவா என்று கேட்டுக்கொண்டு ஒரு பெரியவர் திரும்பிப் போகப் பார்த்தார். அவரை நிறுத்தி வைத்தேன். நர்சம்மா ஓடி வந்து துணியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் விழுந்தார். “முடிச்சுட்டேன்” என்றார். அப்போதுதான் பின்னால் வந்தவள் கைகளை வெளியே எடுத்து அவரைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. துடைக்கப் பேண்டேஜ் துணிதான் கிடைத்தது.

ஊரை விட்டுப் போகும்போது தொப்பியை அந்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது சமவெளியில் எங்கோ பிரசவம் பார்க்கிறார். தையல் மெஷினில் ஜாக்கெட் ஒன்று முடிந்துவிட்டதாகப் போன மாதம் படம் அனுப்பியிருந்தார். கை ஒன்று கோணலாக இருந்தது.

தொப்பியில் ரப்பர் வெடித்து ஓரம் கிழிய ஆரம்பித்திருக்கிறது. நல்ல பிளாஸ்டிக் மூடி ஒன்று வாங்கி வந்து வைத்திருப்பதாகவும் மனைவி மாற்ற விடவில்லை என்றும் கிணற்றுக்காரர் என்னிடம் முறையிட்டார். அவள் மிளகை அளந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“அது இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்குமுங்க.”