ரப்பர் வளையம் இல்லாத போத்தல்

மேரு டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை. சாந்தி கேட்ட ரோஜா நிறச் சிராப் பானம் வந்த நேரம் பார்த்துத் தரை துடைத்தார்கள். தரை கழுவும் திரவத்தின் வாசனை வந்ததும் அவள் அண்ணன் கோகி டம்ளரைப் பிடுங்கி முகர்ந்தான். எனக்கோ பண்டமாரானில் சிறுவயதில் நாங்கள் மூவரும் இருந்த, பிறகு இடித்துத் தள்ளிவிட்ட பழைய பிளாட் ஞாபகம் வந்தது.

அங்கே லோரிக்காரர் கொண்டுவரும் தரை கழுவும் திரவத்தை, பச்சை, மஞ்சள், ரோஜா என்று பார்க்கும்போதே எச்சில் ஊறவைக்கும் அதை, அம்மாக்கள் பழைய சிராப் போத்தல்களில் வாங்கி, குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டி வாசலோரம் வைப்பார்கள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பது என் வேலை. கோகிக்கு வளையம்தான் வேண்டும். ஒருநாள் குறும்பாக எல்லாவற்றையும் உருவி, தாண்டிக் குதிக்கும் கயிறாகப் பின்னிவிட்டான்.

அவன் குதித்துக்கொண்டிருந்தபோது, நடைபழகிய சாந்தி ரோஜா நிறப் போத்தலை வாயருகே கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு மேரி ஆன்டி பாய்ந்து தட்டிவிட்டார். படியெல்லாம் நுரை.

"ரப்பர் எங்கடா? அது இருந்தா புள்ள தொடுமா?"

கோகி அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்து, வளையங்களைத் திரும்ப மாட்டினான். பயத்தில் சமையல் எண்ணெய்க்கும் ஒன்று மாட்டினான்.

"பிளாட்டயே இடிச்சிட்டாங்க, உன் மூக்கு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கு லா," என்றேன், கடையில் இன்னும் டம்ளரை விடாத கோகியிடம்.

"அண்ணே, ஐஸ் கரையுது," என்றாள் சாந்தி.

கோகி இன்னொரு முறை முகர்ந்துவிட்டுத்தான் கொடுத்தான்.