ஆடிக்கு முன்னால் சுங்கை செம்பிலாங்கில் பால் காய்ச்சினோம்

ஜெராம் பக்கம் ஒரு கடலுணவுத் தொழிற்சாலையில் எனக்குக் கணக்கர் வேலை கிடைத்தது. ஆகஸ்டு முதல் தேதி சேர வேண்டும். கெர்லிங்கிலிருந்து தினமும் போய்வருவது நடக்காத காரியம். அதனால் சுங்கை செம்பிலாங்கில் வீடு பார்த்தோம். வாடகை 700 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் இரண்டு மாதம், லோரிக்கு 450. கையைக் கடித்தாலும் சமாளிக்கலாம். ஆனால் இரண்டு வயது பாப்பாவைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் கூட வரவேண்டும். வராவிட்டால் காப்பகத்துக்கே மாதம் 550. அப்புறம் நான் வேலைக்குப் போய் என்ன பயன்?

அத்தையோ, "ஆடியில குடிபோற வீட்டுக்கு நான் வரலம்மா" என்றுவிட்டார். வழியையும் அவரே சொன்னார். ஆடி பிறக்குமுன் ஒரு நல்ல நாளில் போய்ப் பால் காய்ச்சி, அரிசியும் உப்பும் வைத்துவிட்டால் குடிபோனதாகக் கணக்கு. சாமான்கள் எப்போது போனாலும் குற்றமில்லை. "பால் நல்லா பொங்கணும். பொங்கலன்னா என்னை எதிர்பாக்காதீங்க."

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். கணவர் சேகர் காரை ஓட்ட, பின்னால் அத்தை, பாப்பா, புளி போட்டுத் தேய்த்த பித்தளைப் பானை. பத்தாங் பெர்ஜுந்தாயில் பசியாறினோம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் எல்லாருக்குமாக 17 வெள்ளி. அதற்குப் பிறகு செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டு, முந்தவும் விடாமல் ஊர்ந்தது. சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்தான், போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம்.

பாப்பாவைப் பின் அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால், வீட்டுக்காரர் புதிதாகப் பதித்திருந்தது இண்டக்சன் அடுப்பு. பானையை வைத்தோம், பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடியும் வைத்தோம், மறுபடியும் கத்தியது. வீடு பார்க்க வந்தபோது கண்ணாடி மாதிரி பளபளக்கிறதே என்று மெச்சியவள் நான்தான்.

"பித்தளை இதுல ஏறாதும்மா. ஜெராம் போயி ஒரு சட்டி வாங்கிட்டு வந்துரட்டா?" என்றார் சேகர்.

"நீ போயிட்டு வர்றதுக்குள்ள ராகு காலம் வந்துரும்டா" என்று அத்தை பானையைக் கீழே இறக்கினார்.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த சீன ஆன்ட்டியிடம் மலாயில் கெஞ்சினேன். அவர் கையைக் கழுவிவிட்டு, மேசையிலேயே சூப்பைக் கொதிக்கவிட்டு ஸ்டீம்போட் சாப்பிட வைத்திருந்த சின்ன கேஸ் அடுப்பைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். பத்து மணி பத்து நிமிடத்துக்கு நெருப்புப் பற்றியது. எல்லாரும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பால் நுரைத்து விளிம்புக்கு வந்ததும், ஐயோ என்று ஆன்ட்டி அடுப்பை அணைக்கப் பாய்ந்தார்!

அத்தை அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "பியார் லா ஆன்ட்டி, பியார்! விடுங்க, பொங்கட்டும்!"

பொங்கியது. அடுப்பெல்லாம் வழிந்தது. ஆன்ட்டி தம் அடுப்பைப் பரிதாபமாகப் பார்த்தார். பால் பொங்கினால் வீட்டுக்கு நல்லது என்று விளக்கினேன். "ஓ, ஓங் லா!" என்று கைதட்டினார். அதிர்ஷ்டத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. பால் குடித்துவிட்டுப் போய், ஒரு பை கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று அத்தை முகம் சுளிக்கவில்லை. வாங்கி, காரின் பின்பெட்டியில் பத்திரமாக வைத்தார். அடுப்பை நான் மூன்று முறை துடைத்துக் கொடுத்தேன்.

வேலைக்காக இடம் மாறுகிறவர்களுக்கு: லோரியை ஒரு மாதம் முன்பே பேசி வையுங்கள், மாதக் கடைசியில் கிடைக்காது. வாடகையைப் பேசும்போதே அடுப்பு என்ன வகை என்று கேளுங்கள். எங்கள் ஒருநாள் பயணத்துக்குக் காருக்கு எண்ணெய், சாப்பாடு எல்லாம் சேர்த்து 92 வெள்ளி.

திரும்பும் வழியில் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு துணிக்கடை முன் காரை நிறுத்தச் சொன்னார் அத்தை. எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பின் ரூம்பு சன்னல்ல வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது மீனா. மத்தியானத்துல பாப்பாவ நான் எப்படித் தூங்க வைக்கிறது?" என்று சொல்லிவிட்டு, தம் பணப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.