வயிற்றுக்கு வாங்கிய ஸ்டியரிங்

போர்க்காலத் தடையில் பெட்ரோலைப் போத்தலில் மட்டும் கண்ட காலத்தில், மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய பழைய பிக்கப்புக்குச் சாய்கிற ஸ்டியரிங் பூட்டிய மேதை என் கணவர். யாழ்ப்பாணத்தில் வேறு யாருக்கும் இந்த யோசனை வரவில்லை. வந்திருக்கத் தேவையும் இல்லை.

பிக்கப் என் சீதனம். இணுவிலில் இருந்து எங்கள் வெங்காயம் அதில்தான் சந்தைக்குப் போகும். ஆனால் கல்யாணம் முடிந்த நாள் முதல் எனக்கு இடப்பக்கத்து இருக்கைதான். ஓடப் பழக்கச் சொல்லிக் கேட்டால், "ஸ்டியரிங் சரியான பாரம். பொம்பிளையளாலை திருப்பேலாது" என்பார். என் அப்பா தந்த வண்டியை ஒருமுறையாவது நானே ஓடவேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது. கேட்டுக் கேட்டு மானம் போனதுதான் மிச்சம்.

இதற்கிடையில் அவருடைய வயிறு வளர்ந்து ஸ்டியரிங்கில் முட்டியது. ஊரே மெலிந்துகொண்டிருந்த நேரத்தில் அதை எப்படிச் சாதித்தாரோ தெரியாது. நொறுங்கிக் கிடந்த ஜப்பான் வான் ஒன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தண்டோடு கழற்றுவித்து, கராஜில் வெட்டி ஒட்டுவித்துக் கொண்டுவந்தார். ஒரு பிடியை இழுத்தால் வளையம் மேலே எழும்பும், வயிறு உள்ளே போகும். ஊருக்குச் சொன்ன கதை வேறு: "மனுசி ஓடிப் பழகட்டும் எண்டுதான் மாத்தினனான்."

திறப்புப் போடும் சாவித்துவாரமும் அந்தத் தண்டோடு வந்திருந்தது. திறப்பை உருவினால் ஸ்டியரிங் இறுகிப் பூட்டிக்கொள்ளும். "கள்ளன் வந்தாலும் கொண்டு போகேலாது" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் செய்து காட்டினார். எண்ணெய் இல்லாத ஊரில் எந்தக் கள்ளன் இதைத் தள்ளிக்கொண்டு போவான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவரிடம் இன்னொரு கெட்டித்தனமும் இருந்தது. எண்ணெய் மிச்சம் பிடிக்க, வீட்டுக்குக் கிட்ட வந்ததும் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருள விடுவார். படலைப் பூட்டின் திறப்பும் அதே வளையத்தில்தான். திறப்புக் கோர்வையை உருவி என் கையில் தருவார். நான் குதித்து, முன்னால் ஓடிப் படலையைத் திறக்க, இவர் மகாராசா மாதிரி உருண்டு உள்ளே வருவார்.

புது ஸ்டியரிங்கோடு சந்தைக்குப் போய்த் திரும்பிய முதல் நாளும் அப்படியே உருவித் தந்தார். நான் குதித்தேன். படலைப் பக்கம் திரும்பவேண்டிய பிக்கப் நேரே போனது. இவர் பிறேக்கை மறந்து, இறுகிய ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார். எதிர்வளவு வேலியைப் பிரித்துக்கொண்டு போய் வாழைக்குள் நின்றது வண்டி.

வளவுக்காரர் கத்திக்கொண்டு வந்தார். அயலும் கூடிவிட்டது. அதற்குள் இறங்கி நின்ற என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "மனுசிதான் ஓடிப் பழகினவ. வேலிக்குள்ளை விட்டிட்டா. பொம்பிளையள்தானே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திறப்பு என் கையில் இருந்தது. நம்புவதற்கு அது போதும்.

முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. பிறகு வேறொன்று வந்தது.

"ஓம், நான்தான் ஓடினனான். உள்ளை விட்ட நானே வெளியிலை எடுக்கிறன். எல்லாரும் முன்னாலை நிண்டு பின்னுக்குத் தள்ளுங்கோ."

ஏறி அவருடைய இருக்கையில் உட்கார்ந்தேன். திறப்பைப் போட்டதும் ஸ்டியரிங் இளகியது. பிடியை இழுத்து என் உயரத்துக்கு இறக்கினேன். அவர் வாயைத் திறந்தார். ஆனால் எனக்கு ஓடத் தெரியாது என்று இனி எந்த வாயால் சொல்வது? மற்றவர்களோடு சேர்ந்து பொனற்றில் கை வைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் முகத்தைப் பார்த்தபடியே தள்ளினார்.

ஸ்டியரிங் பாரமாகத்தான் இருந்தது. திருப்பினேன்.