மூன்றாம் மாடி வீட்டைக் காட்டியவர்

இதைச் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நடந்தது நடுராத்திரியில் அல்ல. போன மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம். நான் முழுதாக விழித்திருந்தேன். சாட்சியாக என் பக்கத்திலேயே ஒருவர் நின்றிருந்தார்.

அப்பா உடம்புக்கு முடியாமல் என்னோடு வந்துவிட்டார். அவருடைய மூன்றாம் மாடி வீடு நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அவருக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமென்றால் வீட்டை விற்றே ஆகவேண்டும். நான் இருப்பதோ வேறு ஊரில். பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு சாவியை உறையில் போட்டு ஒட்டி, அப்பாவின் எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்திருந்தேன். புரோக்கருக்கு முட்டி வலி. ஆட்களை மேலே அனுப்பிவிட்டுக் கீழேயே நின்றுகொள்வார். ஒன்பது குடும்பம் பார்த்தது. ஒருவரும் திரும்பிப் பேசவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பத்தாவதாக வந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அன்றைக்கே சரி என்றார்.

“சாவி வச்சிருந்த அம்மா ஒவ்வொரு ரூமா பொறுமையா காட்டினாங்க. அவங்க பேசினதுலயே எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு மேடம்.”

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பதிவும் முடிந்தது. சாவியை ஒப்படைக்கிற அன்று, டீச்சருக்கு நன்றி சொல்ல ஒரு கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டு போனேன். மணி 4.10.

சால்வையைப் பார்த்து டீச்சர் விழித்தார்.

“எதுக்கும்மா இது?”

“நீங்க காட்டினதாலதான் வீடு வித்துச்சு.”

“நானா? நீ சாவி குடுத்த மறுநாளே மக பிரசவத்துக்குப் போயிட்டேன். நேத்துதான் வந்தேன்.”

அலமாரியிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார். நான் ஒட்டியபடியே இருந்தது. ஒட்டிய இடத்தில் என் கையெழுத்து... கலையவில்லை.

அப்போதுதான் கேட்டது. எதிரே, பூட்டிய அப்பா வீட்டுக்குள்.

சர்ர்ர்... சர்ர்ர்...

யாரோ தரை துடைக்கிற சத்தம்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். சத்தம் நின்றது. மணி 4.22.

கூடத்தில் தூசி. சமையலறையில் தூசி. எங்கள் காலடித் தடம் தவிர வேறு தடம் இல்லை.

பின்னறை மட்டும் பளிச்சென்று இருந்தது.

தரை ஈரம். தண்ணீர் இணைப்பைத் துண்டித்து நான்கு மாதமாகிறது...

கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு. புதுக்கோடு. என் இடுப்புக்குச் சற்று மேலே.

5.00. மருந்துக்கடைக்காரர் வந்தார். கூடவே மனைவி, ஆறு வயது மகள்.

“அந்த அம்மா எங்க?”

டீச்சரைக் காட்டினேன்.

“இவங்க இல்லையே.”

அதற்குள் குழந்தை பின்னறைக்கு ஓடியது. யாரோ கூப்பிட்டது போல. நிலையில் முதுகை ஒட்டி நின்றது.

கோடு... சரியாக அவள் உச்சந்தலையில்.

“பாப்பா முன்னாடி வந்திருக்காளா?” என்று கேட்டேன்.

“இல்ல மேடம். இன்னைக்குத்தான் முதல்ல.”

சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.



சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இரவு 7.40. புரோக்கருக்குப் போன் செய்தேன். அந்த ஒன்பது பேரும் ஏன் திரும்பி வரவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“வீடு வித்தாச்சுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்களாம். நேத்து அவங்ககிட்ட விசாரிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டிருக்காங்க.”

“என்ன கேள்வி?”

“சின்னப் பொண்ணு இருக்காளான்னு. ஒன்பது பேருக்கும் இல்ல.”

நேற்று மருந்துக்கடைக்காரரிடம் பேசினேன். வீடு ரொம்ப ராசி என்றார்.

“பாப்பாவுக்குத்தான் ஒரே குஷி மேடம். பின்னறைய விட்டு வெளியே வரவே மாட்டேங்கிறா.”